மாட்டு வண்டிக்காக வெட்டிய பாதை

மலைநாட்டுப் பாதைகள் யாவும் ஒரே சுபாவம் உடையன அல்ல. அவற்றை வெட்டியவர்கள் எந்தச் சக்தியை மனத்திற் கொண்டு சரிவை அளந்தார்களோ, அந்தச் சக்திக்கே அவை இணங்கிக் கொடுக்கின்றன. பஸ்ஸையும் லொறியையும் உத்தேசித்து அமைத்த இன்றைய வீதி, எஞ்சினுக்குள்ள பலத்தை நம்பி, மலையின் நெற்றியை நோக்கி நேராகவே எழுந்து செல்கிறது. காளை மாட்டையும் சிறிய நீராவி எஞ்சினையும் உத்தேசித்து அமைத்த பழைய பாதையோ, அவற்றின் பலவீனத்தை அறிந்து, மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி, ஏறுவது தெரியாமலே ஏறிக்கொண்டிருக்கிறது. மனிதனுடைய கால்களும் பலவீனமான சக்தியைச் சேர்ந்தவையே ஆதலால், துவிச்சக்கர வண்டியில் மலைப் பிரயாணம் செய்ய விரும்புகிறவன் தேட வேண்டியது அந்த இரண்டாவது வகைப் பாதையைத்தான். இலங்கையில் கலவானையைச் சுற்றிய மலைகளில் நீண்டகாலமாகச் சைக்கிள் மிதித்துவரும் எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

ஸ்பெயின் தேசத்தார் இவ்வுண்மையைத் தங்கள் மலைகளில் நன்கு பயன்படுத்திக்கொண்டார்கள். அத்தேசத்தை நான் கண்டதில்லை. ஆயினும் அதன் பசும்பாதைகளைப் பற்றி அறிந்த நாள் முதலாக அவற்றின் நினைவு என்னை விட்டு அகலவில்லை. ரயில் ஓடாமல் கைவிடப்பட்டுக் கிடந்த தடங்கள் அங்கே 7,000 கிலோமீற்றருக்கு மேல் இருந்தன. 1993ஆம் ஆண்டில் ஆரம்பித்த ஒரு திட்டத்தின்படி, அத்தடங்களைச் செப்பனிட்டு, மோட்டார் வாகனம் எதுவும் நுழையாதபடி காத்து, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் செல்பவர்களுக்கும் ஒப்படைத்து வந்ததில், இன்று 3,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதை அவ்வாறு பசும்பாதையாகத் திறந்து கிடக்கிறது. தெருவேல் மலைப்பகுதியின் இரும்புச் சுரங்கங்களிலிருந்து சகுந்தோ துறைமுகத்துக்குத் தாது ஏற்றிச் சென்ற தடத்தில் இப்பொழுது குடும்பங்கள் சைக்கிளில் போகின்றன.

அவற்றுள் என் மனத்தை மிகவும் கவர்ந்தது தென்பகுதியான அந்தலூசியாவின் மலைகளில், புவேர்த்தோ செர்ரானோ என்னும் ஊரிலிருந்து ஒல்வேரா என்னும் ஊர்வரை 36 கிலோமீற்றர் செல்லும் பாதையாகும். 1920களில் அங்கே ரயில் விடுவதற்காக 30 சுரங்க வழிகளைக் குடைந்தார்கள். பள்ளத்தாக்குகளின் குறுக்கே நெடும் பாலங்களைக் கட்டினார்கள். நிலையக் கட்டடங்களையும் எழுப்பினார்கள். எல்லாம் ஆகியும், அத்தடத்தில் ஒரு ரயிலேனும் ஒருநாளும் ஓடவில்லை. எத்தனையோ கூலியாட்களின் உழைப்பு பயனற்றுக் கிடந்து, பல பத்தாண்டுகளுக்குப் பின்னர் சைக்கிள்காரர்களுக்குப் பயன்பட்டது. சுரங்க வழிகளுக்குள் விளக்குப் போட்டிருக்கிறார்கள். நிலையங்கள் சில பிரயாணிகள் தங்கும் விடுதிகளாயின. சாஃப்ராமகோன் என்னும் பெரும்பாறையின் முகட்டில் கூடு கட்டி வாழும் கழுகுக் கூட்டத்தைப் பாதையில் நின்றபடியே பார்க்கலாம் என்கிறார்கள். ஊருக்கு ஊர் சரிவு ஏறி இறங்க வேண்டிய அந்த மலைப்பிரதேசத்தில், வயது முதிர்ந்தோரும் சிறுபிள்ளைகளும் மூச்சிரைக்காமல் போய்வர முடிவதற்குக் காரணம், அந்தச் சரிவு ஆதியில் ஒரு நீராவி எஞ்சினுக்காக அளக்கப்பட்டது என்பதே.

நமது சப்பிரகமுவ மாகாணத்திலும் அத்தகைய தடம் ஒன்று இருந்தது. கொழும்பிலிருந்து களனிப் பள்ளத்தாக்கு வழியாக அவிசாவளைக்கு வந்த சிறிய ரயில், 1912ஆம் ஆண்டில் இரத்தினபுரியையும் 1919ஆம் ஆண்டில் ஓபநாயக்கவையும் எட்டியது. தண்டவாளங்களுக்கிடையே இரண்டரை அடியே அகலம். தேயிலைப் பெட்டிகளையும் இறப்பர்க் கட்டுகளையும் ஏற்றிக்கொண்டு எஹெலியகொடை, குருவிட்ட வழியாக அது மெல்ல மெல்ல ஊர்ந்து போனதை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதே பாதையின் யட்டியந்தோட்டைக் கிளை இரண்டாம் உலக யுத்தத்தின் நடுவே மூடப்பட்டது. அவிசாவளைக்கு அப்பாலுள்ள பகுதி 1970களில் மூடப்பட்டது. பின்னர், 1990களில், அவிசாவளை வரையிலும் அகலப் பாதை போட்டார்கள்; இரத்தினபுரிக்கு ரயில் திரும்பவே இல்லை. திரும்ப வரவேண்டும் என்ற பேச்சு மட்டும் காலந்தோறும் எழுகிறது.

அந்தத் தடத்தைத் தேடிக் குருவிட்டப் பக்கமாகச் சைக்கிளில் போயிருக்கிறேன். ஓரிடத்தில் அது கிராமத்து வீதியாகி இருந்தது. ஓரிடத்தில் சிறு தேயிலைத் தோட்டமாகி இருந்தது. பல இடங்களில் அதன்மேல் வீடுகள் எழுந்து, தென்னையும் பாக்கும் வளர்ந்து, முற்றத்தில் துணி காய்ந்துகொண்டிருந்தது. தண்டவாளம் இல்லாத போதிலும் தடத்தை அடையாளம் கண்டுகொள்வது கடினமன்று. எந்த வீதிக்கும் இல்லாத நிதானமான வளைவும், ஓடைக்கரையில் எதையும் தாங்காமல் நிற்கும் கருங்கற் கட்டும் அதைக் காட்டிக் கொடுத்துவிடுகின்றன. ஆனால், நிலமில்லாத மக்கள் குடியேறி இரண்டு தலைமுறை வாழ்ந்துவிட்ட இடத்தைச் சைக்கிள் பாதைக்காகக் கேட்பது தர்மமாகாது என்பதே என் அபிப்பிராயம். ஸ்பெயினில் ஆள் நடமாட்டமற்ற மலைகளில் கூடியது, மழையும் ஜனங்களும் நெருங்கிய இந்த ஈரமலை நாட்டில் அப்படியே கூடாது. நமக்கு எஞ்சியிருப்பது வேறொன்று. அதன் அருமை அதன்மேல் நாள்தோறும் நடப்பவர்களுக்கன்றிப் பிறருக்கு அதிகம் தெரியாது.

நான் சொல்வது தோட்டத்துக் கரத்தை ரோட்டை, அதாவது பழைய மாட்டு வண்டிப் பாதையை. கலவானையிலிருந்து வெத்தாகலைக்குப் போகும் பெருவீதியில் தனியார் பஸ்கள் ஒன்றையொன்று முந்தும் வேகத்தைக் கண்டு அஞ்சாத சைக்கிள்காரன் இருக்க முடியாது. அந்த வீதியை விட்டு ஏதாவது ஒரு தோட்டத்து முனையில் திரும்பி, கொழுந்து மடுவத்தைக் கடந்து மேலே ஏறிவிட்டாலோ, சப்தம் யாவும் கீழே தங்கிவிடுகிறது. கருங்கல் பரப்பி மண் மூடிய அந்த ரோடு, ஒரு பக்கம் மலையையும் மறுபக்கம் பள்ளத்தையும் வைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு சிறிது சிறிதாக உயர்கிறது. எங்கள் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்து, மண்வெட்டியாலும் அலவாங்காலும் வெட்டிய ரோடு அது. பாரம் ஏற்றிய காளை, நடுவழியில் நிற்காமல் ஏற வேண்டும் என்பதே அதன் கணக்கு. அந்தக் கணக்கினால் அன்று காளைக்குக் கிடைத்த சுகம் இன்று என் கால்களுக்குக் கிடைக்கிறது.

விடியற்காலையில் இறப்பர் மலைக்குள் அந்த ரோட்டில் போவது தனி ஆனந்தம். மழை பெய்யாத காலையானால் பால்வெட்டுக்கு ஆட்கள் வந்திருப்பார்கள். மரத்திற் சாய்வாகக் கீறிய பட்டையிலிருந்து, முந்தின நாள் உறைந்துபோன ஒட்டுப்பாலை ஒரு பெண் இழுத்தெடுத்துப் பைக்குள் போடுகிறாள். அதே கீறலின் கீழ் விளிம்பில், தாள் கனத்துக்கு மேற்படாமல், கத்தியை ஒரே ஓட்டமாக இழுக்கிறாள். கத்தி கடந்து போன இடத்தில் வெண்மணிகள் அரும்பி, ஒன்றோடொன்று சேர்ந்து, கோடாகி ஓடிச் சிரட்டையில் சொட்டத் தொடங்குகின்றன. கத்தி சற்றே ஆழப் போனால் மரம் காயப்படும். ஆழம் குறைந்தால் பால் வராது. பஸ்ஸில் போகிறவன் கண்ணுக்கு இறப்பர் மலை ஒரு பச்சை நிழலாக ஓடி மறையும். நடை வேகத்தைவிடச் சிறிதே கூடிய வேகத்தில் போகும் சைக்கிள்காரனுக்கே இவ்வேலையின் நுட்பம் புலப்படும்.

அந்த வழியில் ஒருநாள், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், லயத்து வாசற்படியில் உட்கார்ந்தபடியே என்னை நிறுத்தினார்.

“என்னா தம்பி, மெயின் ரோட்டுல பஸ்சு ஓடுதே, நீங்க ஏன் இதுல மிதிச்சுக்கிட்டு வாறீங்க?”

“பஸ்சுக்குப் பயந்துதான் ஐயா இங்கிட்டு வந்தேன். ரோடும் நல்லா இருக்குதே.”

“எங்க நல்லா இருக்கு? அந்தக் காலத்துல மழைக்கு முந்தி கான் வெட்டாம விடமாட்டாங்க. ரோட்டு வேலைக்குன்னே ஆள் இருந்துச்சு. இப்ப கான் எது, ரோடு எதுன்னு தண்ணிக்கே தெரியல.”

அவர் சொன்னதன் பொருளைச் சற்றுத் தூரம் போனதும் கண்ணாரக் கண்டேன். மலைப்பக்கத்தில் மழைநீரை வடிக்க வேண்டிய கான், இறப்பர் இலையும் இடிந்த மண்ணும் நிறைந்து தூர்ந்துபோயிற்று. அதனால், முந்தின இரவு மழைநீர் ரோட்டின் மேலேயே பாய்ந்து, மேல்மண்ணை அரித்துக் கருங்கற்களைப் பற்களைப் போல் வெளியே காட்டியிருந்தது. பள்ளப்பக்கத்தில், சாந்து வைக்காமல் கல்மேல் கல் அடுக்கிய பழைய கட்டு ஒரு கைவீச்சளவு சரிந்திருந்தது. ஆயினும் அதற்கு அடுத்த வளைவில், அதே காலத்து மதகு ஒன்று, ஒரு கல்லும் நகராமல் நீரை விழுங்கி அப்பால் உமிழ்ந்துகொண்டிருந்தது. வழியைக் கட்டியவர்கள் செய்த வேலையில் குறையில்லை. நீருக்கு வழிவிடும் வேலையை ஆண்டுதோறும் செய்ய ஆள் இல்லாமற்போனதே குறை. 2003ஆம் ஆண்டு மே மாதத்திலும் 2017ஆம் ஆண்டு மே மாதத்திலும் இரத்தினபுரி மாவட்டத்தை அழித்த வெள்ளத்தையும் மண்சரிவையும் அனுபவித்த எங்களுக்கு, கான் வெட்டுவது அற்ப விஷயமாகத் தோன்றுவதில்லை.

அந்த ரோட்டில் எதிர்ப்பட்டவர்களுள் பெரும்பாலோர் பாடசாலைப் பிள்ளைகள். வெள்ளைச் சப்பாத்து சேறாகிவிடும் என்று அதைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு ஓரமாக நடந்துகொண்டிருந்தார்கள். 2022ஆம் ஆண்டில் எரிபொருள் கிடைக்காமல் நாடு தவித்தபோது, நகரத்தார் சைக்கிளைத் தேடி ஓடினார்கள்; விலையும் ஏறிற்று. தோட்டத்துப் பிள்ளைகளின் நிலையோ அக்காலத்திலும் அதற்கு முன்னும் பின்னும் ஒன்றே: நடைதான். செப்பனிட்ட கரத்தை ரோட்டில் ஒரு சைக்கிள் இருந்தால், ஒரு மணித்தியால நடை கால்மணியாகிவிடும். பசும்பாதை உல்லாசப் பிரயாணிக்கு மாத்திரம் உரியதென்று யாராவது எண்ணினால், அவர் இந்தப் பிள்ளைகளை ஒருமுறை பார்க்க வேண்டும்.

வெத்தாகலையைத் தாண்டினால் குடாவை. அங்கே சிங்கராஜ வனத்தின் வாசல். நாபொல தொலையும் கொஸ்குலன கங்கையும் வனத்தின் வட எல்லையில் ஓடுகின்றன. வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு வனத்துக்குள் நடந்தால், காலின் கீழே இருப்பது ஒரு லொறிப் பாதை என்பது முதலில் தெரியாது. 1970களின் ஆரம்பத்தில், கொஸ்கமவில் இருந்த அரசாங்க ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்கு மரம் கொண்டுபோவதற்காக இயந்திரங்களை இறக்கி வெட்டிய பாதை அது. அறிஞர்களும் பொதுமக்களும் எதிர்த்து நின்றதால், 1977ஆம் ஆண்டில் மரம் வெட்டுவது நிறுத்தப்பட்டது. மறு ஆண்டில் அவ்வனம் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 1988ஆம் ஆண்டில் உலக மரபுரிமைத் தலமாயிற்று. லொறி போன பாதையில் இப்பொழுது கால்கள் மட்டும் போகின்றன. இருபுறமும் மரங்கள் மீண்டும் நெருங்கி, நீலநிறச் செண்டு வாற்குருவி கூட்டமாக வந்து கிளை மாறிக் கிளை தாவுகிறது. அட்டை காலில் ஏறுவதைக் கவனித்துக்கொண்டே அதை அண்ணாந்து பார்க்க வேண்டும். வாகனத்தை விலக்கினால் ஒரு பாதைக்கு என்ன நேரும் என்பதற்கு ஸ்பெயின் வரையில் சாட்சி தேட வேண்டியதில்லை.

மத்திய, ஊவா மாகாணங்களின் தேயிலை மலைகளில் இப்போது 'பெக்கோ டிரெயில்' என்னும் நடைபாதை 300 கிலோமீற்றர் வரை, 22 பகுதிகளாக, கண்டிப் பக்கத்திலிருந்து நுவரெலியா நோக்கிப் போகிறது. அதைத் திட்டமிட்டவர் இலங்கையில் வாழும் மிகேல் குனாட் என்னும் ஸ்பானியர் என்று அறிந்தபோது எனக்கு ஆச்சரியம் உண்டாகவில்லை. புதிய வீதி ஒன்றையும் அவர் வெட்டவில்லை. தோட்டத்துப் பழைய ரோடுகளையே ஒன்றோடொன்று கோத்தார். அத்தகைய கோவை சப்பிரகமுவத்துக்கு இன்னும் இல்லை. கலவானையிலிருந்து இறக்குவானைப் பக்கமும் நிவித்திகலைப் பக்கமும், தேயிலையும் இறப்பரும் மாணிக்கக் குழிகளும் மாறி மாறி வரும் மலைகளில், கரத்தை ரோடுகள் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. ஒரு தோட்டத்து எல்லையில் கதவு. மறு தோட்டத்து எல்லையில் உடைந்த மதகு. இவ்விரண்டுக்கும் பரிகாரம் கண்டால் நாள் முழுவதும் ஒரு பஸ்ஸும் எதிர்ப்படாமல் மிதிக்கலாம்.

பரிகாரம் காண்பது யார் என்பதே கேள்வி. தோட்டங்கள் 1992ஆம் ஆண்டு முதல் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருக்கின்றன. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டத்துக்குள் சபையின் பணத்தைச் செலவிட இடங்கொடுக்காமல் நெடுங்காலம் தடையாயிருந்தது. வரியும் வாக்கும் உள்ள மக்கள் குடியிருந்தும், அவர்களுடைய ரோட்டுக்கு ஒரு கூடை கல் போடச் சபைக்கு அதிகாரம் இல்லாதிருந்தது பெரும் அநீதி. 2018ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டு, அத்தடை நீங்கிவிட்டது. ஆகவே கம்பனி கதவைத் திறக்கவும், சபை மதகைக் கட்டவும், இருவரும் உடன்பட்டுக் கான் வெட்டும் வேலைக்குக் கூலி கொடுக்கவும் இனிச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. வேலைக்கு ஆள் வெளியூரிலிருந்து வர வேண்டியதும் இல்லை. எந்த வளைவில் எந்த மதகு அடைத்திருக்கிறது என்று லயத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வைகாசி மழைக்கு முன்னர் அந்த வேலையை ஆரம்பிக்க வேண்டும்.