மூடத் தெரிந்த மடை

சாயங்காலம் வட்டக்கோட்டை மதில்மேல் உட்கார்ந்திருந்தபோது என் தங்கை மகன் கேட்டான். சென்னையில் என்ஜினீயரிங் படிக்கிறவன். அன்று விடியற்காலம் எழும்பூரில் வந்தே பாரத் ஏறி, மத்தியானச் சோற்றுக்கு நாகர்கோவில் வந்து சேர்ந்திருந்தான். “மாமா, நீங்க பாத்த சோலியெல்லாம் இப்பம் கம்ப்யூட்டரே பாத்துக்கிடும். ஒரு கார்டைக் களத்தி வேற கார்டு மாட்டுனா வண்டி ஓடிரும்லா?”

நல்ல பிள்ளை, மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. ஆனாலும் அன்று ராத்திரி எனக்கு உறக்கம் வரவில்லை. 1986 முதல் 2022 வரை, 36 வருஷம் எலெக்ட்ரிக் லோகோ ஷெட்டில் கை கறுத்தவன் நான். அவன் ஏறி வந்த வண்டியின் 16 பெட்டிக்கு அடியில் 32 மோட்டார்கள் சத்தமில்லாமல் சுற்றியது எதனால் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சேர்ந்தபோது டபிள்யூ.ஏ.எம்-4 எஞ்சின்கள். டேப் சேஞ்சருக்கு ஜி.ஆர்., ரெக்டிஃபையருக்கு ஆர்.எஸ்.ஐ., ஒரு ஃபேஸை மூன்றாக்குகிறதற்கு ஆர்னோ, மெயின் சர்க்யூட் பிரேக்கருக்கு டி.ஜே. என்றுதான் எங்கள் பேச்சே இருக்கும். 32 நாட்ச். ஒவ்வொரு நாட்சுக்கும் ஜி.ஆர். ஒரு படி ஏறும், வண்டி ஒரு உலுக்கு உலுக்கும். கீழே டி.சி. மோட்டார், அதில் காம்யூடேட்டர், அதன்மேல் கார்பன் பிரஷ். வேகம் கூடினால் பிரஷ் பொறி தெறிக்கும்; சில நேரம் ஃபிளாஷ்ஓவர் ஆகி மோட்டாரே கருகும். அந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. “டி.ஜே. நிக்கல” என்று டிரைவர் எழுதி வைத்துவிட்டுப் போவார். எங்களுக்கு மறுநாள் விடியும்வரை வேலை.

1964-இல் ஜப்பான்காரர்கள் மணிக்கு 210 கிலோமீட்டரில் ஷிங்கான்சென் ஓட்டியதும் இதே முறையில்தான். டேப் சேஞ்சர், சிலிக்கான் ரெக்டிஃபையர், டி.சி. மோட்டார். ஒரு மோட்டாருக்கு 185 கிலோவாட். அதற்குமேல் வேகம் வேண்டுமென்றால் பிரஷ்ஷே இல்லாத மோட்டார் வேண்டும். அது ஒன்றும் புதுசு இல்லை. தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிற மோட்டார்தான், மூன்று ஃபேஸ். ஆனால் அது கரண்டின் ஃபிரீக்குவென்சிக்கு ஏற்பத்தான் சுற்றும். நின்ற நிலையிலிருந்து 300 கிலோமீட்டர் வரைக்கும் ஃபிரீக்குவென்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கொடுக்க ரயிலுக்குள்ளேயே ஒரு ஏற்பாடு வேண்டும், அதுதான் கன்வெர்ட்டர். அதற்குத் தேவை ஒரு நல்ல சுவிட்ச். அந்தச் சுவிட்சுக்காக உலகம் முப்பது வருஷம் காத்திருந்தது.

இதை எனக்குப் புரிய வைத்தவர் எங்கள் சார்ஜ்மேன். அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர், வயல் உள்ள குடும்பம். முதலில் இருந்த சுவிட்சான தைரிஸ்டர் என்றால் என்ன என்று நான் கேட்டபோது சர்க்யூட் வரையவில்லை. “உங்க ஊர்ல குளத்து மடை உண்டுல்லா? மடையத் திறக்க ஒரு சின்னப் பையன் போதும். தண்ணி பாஞ்சுக்கிட்டு இருக்கும்போது அடைக்க ஆளு வேணும். தைரிஸ்டர் திறக்கத் தெரிஞ்ச மடை தம்பி, அடைக்கத் தெரியாது. தண்ணி தானா வத்துனாத்தான் மூடும்” என்றார்.

ஏ.சி. கரண்ட் விநாடிக்கு நூறு தடவை தானாக வற்றும், அதனால் அங்கே தைரிஸ்டருக்குக் கஷ்டம் இல்லை. கன்வெர்ட்டருக்குள் இருக்கும் டி.சி. லிங்கில் வற்றவே வற்றாது. அடைக்க வேண்டுமானால் கெப்பாசிட்டரும் காயிலுமாகப் பெரிய பட்டாளத்தையே கூட நிறுத்த வேண்டும். கனமும் இடமும் அதிலேயே போய்விடும். பிறகு வந்தது ஜி.டி.ஓ. அதற்கு அடைக்கத் தெரியும். ஆனால் 3,000 ஆம்பியரை நிறுத்த 600, 700 ஆம்பியரை கேட் வழியாக எதிர்த்திசையில் இழுக்க வேண்டும். அப்படியும் அதை வைத்துத்தான் 1992-இல் ஷிங்கான்சென் 300 வரிசை வந்தது. 300 கிலோவாட் மோட்டார், எடை பழையதில் பாதிகூட இல்லை. வேகம் 270. பிரான்சில் வேறு வழியில் போனார்கள், சிங்க்ரனஸ் மோட்டார். 1981-இல் வந்த டி.ஜி.வி.யில் 12 டி.சி. மோட்டார். 1989-இல் வந்ததில் சிங்க்ரனஸ் மோட்டார் எட்டே போதும் என்றாகி, 300 கிலோமீட்டரில் ஓடியது.

நமக்கு ஜி.டி.ஓ. வந்தது தொண்ணூறுகளின் நடுவில், டபிள்யூ.ஏ.பி-5, டபிள்யூ.ஏ.ஜி-9 எஞ்சின்களோடு. அப்புறம் சித்தரஞ்சனில் நாமே கட்டினோம். 630 கிலோவாட் ஹிட்டாச்சி மோட்டாரைக் கழுவித் துடைத்த கைக்கு, டபிள்யூ.ஏ.பி-7-இன் 850 கிலோவாட் மோட்டாரில் பிரஷ் மாற்றும் வேலையே இல்லை. வண்டி கிளம்பும்போது ஒரு ராகம் போல ஏறி இறங்கும் சத்தம். அதைக் கேட்டே கன்வெர்ட்டர் நலமா என்று சொல்லிவிடுவேன். பிறகு ஐ.ஜி.பி.டி. வந்தது. அதை மூட 15 வோல்ட் போதும். இந்த மூன்று ஃபேஸ் வண்டிகளில் பிரேக் போட்டால் மோட்டாரே ஜெனரேட்டராகி, கரண்ட் கம்பிக்குத் திரும்பிப் போகிறது. முன்பு அதை ரெசிஸ்டரில் சூடாக்கி ஊதித் தள்ளினோம். பெரம்பூர் ஐ.சி.எஃப். 2018-இல் கட்டிய முதல் வந்தே பாரத் வண்டி சோதனையில் 180 கிலோமீட்டர் தொட்டது என்றால், அந்தச் சுவிட்சும் கன்வெர்ட்டரும் பெட்டிக்கு அடியில் அடங்குகிற அளவுக்குச் சிறுத்ததால்தான்.

இனி நான் மறக்க முடியாத ஒரு எஞ்சினைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் ஒரு ஃபேஸின் ஐ.ஜி.பி.டி. மாட்யூல் செத்தது. மாற்றினோம். இருபது நாளில் மறுபடியும் அதே இடத்தில் செத்தது. மாற்றினோம். மூன்றாவது தடவையும் செத்தபோது கேட் கார்டு, சென்சார், கேபிள், மோட்டார் எல்லாவற்றையும் சோதித்துவிட்டோம், எல்லாம் சரியாகவே இருந்தது. ரிட்டயராகியிருந்த எங்கள் பழைய சார்ஜ்மேனுக்கு ராத்திரி போன் போட்டேன். ஐ.ஜி.பி.டி.யை அவர் கையால் தொட்டதுகூட இல்லை. எல்லாம் கேட்டுவிட்டு, “செத்தத எதுக்குத் திருப்பித் திருப்பிப் பாக்கீங்க? அது உக்காந்த இடத்தப் பாருங்க” என்றார்.

பார்த்தோம். மாட்யூலுக்கும் குளிர்த்தகட்டுக்கும் நடுவே தடவுகிற வெள்ளை கிரீஸ், தோசைக்குச் சட்னி போலக் கிடந்தது. அதிகம் தடவினால் அதிகம் குளிரும் என்று நினைத்திருக்கிறான் அதை மாட்டிய பையன். கிரீஸ் சூட்டைக் கடத்துவது அலுமினியத்தில் நூற்றில் ஒரு பங்குதான். உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களை நிரப்ப மட்டும்தான் அது. தலைமுடி கனத்துக்குமேல் போகக்கூடாது. சூடு இறங்க வழியில்லாமல், வண்டி நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் உள்ளே சிலிக்கானும் ஈயப்பற்றும் விரிந்து சுருங்கி, மெல்லிய கம்பிகள் ஒவ்வொன்றாக விட்டுப்போயிருக்கின்றன. மூன்று தடவையும் அதே கை, அதே கனம். அவன் நான் பழக்கிய பையன். வேலை முடிந்த தாளில் கையெழுத்து என்னுடையது.

அன்று முதல் நானே நின்று ஸ்டென்சில் வைத்துத் தடவ வைத்தேன். போல்ட்டை முதலில் எல்லாம் கையால், அப்புறம் எதிர் எதிராக டார்க் ரெஞ்ச், கொஞ்ச நேரம் விட்டு மறுபடி ஒரு சுற்று. நாலாவது மாட்யூல் நான் ரிட்டயராகும்வரை அதே இடத்தில் இருந்தது.

இப்போது பையன்களுக்கு லேப்டாப் இருக்கிறது. செருகினால் எந்த ஃபால்ட் என்று எழுத்தில் வரும். எந்தப் பெட்டி என்று வரும், ஏன் என்று வராது. அதைக் கேட்கிற பழக்கமும் போய்விட்டது. முப்பந்தலில் புது மாதிரிக் காற்றாலைகளிலும் இதே ஐ.ஜி.பி.டி.தான், அங்கே வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பையன்களிடம் கேட்டாலும் “கழட்டி மாத்திட்டோம் மாமா” என்கிறார்கள். கடலோரத்து உப்புக் காற்றில் எஞ்சின் கூரைமேல் இன்சுலேட்டரைத் துணியால் துடைக்க வேண்டும் என்றால் ஷெட்டுப் பையன்கள் முகம் சுளிக்கிறார்கள். மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் இடையே 508 கிலோமீட்டர் புல்லட் ரயில் பாதை எழும்பிக்கொண்டிருக்கிறது. ஜப்பானில் அடுத்த தலைமுறை சிலிக்கான் கார்பைடு சுவிட்சோடு 2020-லேயே ஷிங்கான்சென் ஓடத் தொடங்கிவிட்டது. அதிலும் கிரீஸ் தடவத்தான் வேண்டும்.

மறுநாள் மருமகனிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். “அப்பம் அந்தச் செத்த மாட்யூல் எங்க மாமா போகும்?” என்றான். இதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. சீல் வைத்த பெட்டியில் போட்டு அனுப்புவோம். புதுசு வரும். பழையதைப் பிளந்து பார்த்தவர் என்ன கண்டார் என்று, என் 36 வருஷத்தில் ஒரு தாள்கூட எங்கள் ஷெட்டுக்குத் திரும்பி வந்ததில்லை.