பத்து அம்பியர்

இரசாயனவியல் கணக்குகளில் எனக்கு முதலில் வசப்பட்டது சுண்ணாம்புக்கல். 100 கிராம் கல்சியங் காபனேற்றைச் சூளையில் வெப்பமேற்றினால் 56 கிராம் சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிராம் காபனீரொட்சைட்டு பறந்துபோகும். மூல் என்றால் என்னவென்று விளங்காமல் முழிக்கிறவனுக்கும் இந்த மூன்று எண்களும் நாவில் ஒட்டிக்கொள்ளும். யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு அது பாதிக்குப் பாதி சொந்தக் கணக்கு. கிணறு வெட்டினால் கிளம்புவது அந்தக் கல்தான். கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படிந்து கிடப்பதும் அதுவே. வன்னீரைப் பற்றிப் புத்தகம் பக்கக்கணக்கில் சொன்னதை அம்மம்மா ஒரு மூச்சில் சொல்லிவிடுவா: "உந்தக் கிணத்துத் தண்ணிக்குச் சவுக்காரம் நுரைக்காது மோனை, சும்மா தேய்ச்சுக் கரைக்காதை."

தொண்ணூறுகளின் முதற் பாதி அது. 1990இல் மின்சாரம் நின்றது. பிறகு நாங்கள் உயர்தரம் படித்த காலம் முழுவதும் வரவில்லை. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய், சவர்க்காரம், மெழுகுதிரி, பற்றரி எல்லாமே அருமைப்பொருள். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சை அடைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு ஒரு சின்னத் திரி. அந்த வெளிச்சத்தில் ஒரு கொப்பியும் ஒரு முகமும் தெரியும், அவ்வளவுதான். தங்கச்சிக்கு விஞ்ஞானம், எனக்கு இரசாயனம், நடுவில் விளக்கு. யாராவது ஒருவர் பெருமூச்சு விட்டாலே சுடர் படுத்துவிடும், அதற்கொரு சண்டை.

றோணியோவில் அடித்த கணக்குத் தாள்கள் மைபரவி, மூன்றா எட்டா என்று தெரியாமல் இருக்கும். தாளுக்கும் தட்டுப்பாடு என்பதால் ஒரு பக்கத்தில் பதினைந்து கணக்கை நெருக்கியிருப்பார்கள். அவற்றில் ஒன்று தகனம். பன்னிரண்டு காபனும் இருபத்தாறு ஐதரசனும் கொண்ட தொடெக்கேனை மண்ணெண்ணெய்க்குப் பதிலாளாக வைத்துக்கொள். 170 கிராம் முழுதாக எரிய எவ்வளவு ஒட்சிசன் வேண்டும்? விடை 592 கிராம். எண்ணெயின் நிறையைப்போல மூன்றரை மடங்கு! போத்தலின் வாய்க்குள்ளே ஒடுங்கிக் கிடந்த எங்கள் திரிக்கு அந்த ஒட்சிசன் எங்கே கிடைக்கப்போகிறது? விடியப் பல் துலக்கும்போது மூக்கிலிருந்து வருகிற கரிதான் குறைதகனத்தின் செய்முறை. வேறு செய்முறை அதிகம் கிடைக்கவும் இல்லை. அளவியையும் குழாயியையும் நாங்கள் கையால் தொட்டதைவிடக் கொப்பியில் கீறியதே கூட. பினோத்தலீன் இளஞ்சிவப்பாக மாறும் என்று எழுதி எழுதி, அந்த நிறத்தை நேரில் கண்டபோது இவ்வளவு வெளிறலா என்று எனக்கு ஒரு சின்ன ஏமாற்றம்.

ரியூட்டரி என்பது கிடுகுக் கொட்டில், வாங்கு, கரும்பலகை, பக்கத்தில் ஒரு பங்கர். எங்கள் இரசாயன மாஸ்டர் சைக்கிளில் வருவார். சேட்டுப் பையில் வெண்கட்டித் துண்டு ஒன்று இருக்கும், நகக்கண்ணளவு ஆகும்வரை அதை விடமாட்டார். கணக்கை அவர் எழுதமாட்டார், கதையாகத்தான் சொல்லுவார். மின்பகுப்புக்கு வந்தபோது அவர் போட்ட கதைதான் பரந்தன்.

"ஆனையிறவில உப்பு விளையுது. அதைப் பரந்தனுக்குக் கொண்டுபோய்க் கரைக்கினம். கரைசலுக்குள்ள மின்னோட்டம் விடினம். ஒரு பக்கம் குளோரீன், மற்றப் பக்கம் ஐதரசன், மிஞ்சிறது எரிசோடா. சரி, 10 அம்பியரை 9650 செக்கனுக்கு விட்டால் எவ்வளவு?"

பத்தை 9650ஆல் பெருக்கினால் 96,500 கூலோம், ஒரு பரடே. 40 கிராம் எரிசோடா, 35.5 கிராம் குளோரீன், ஒரு கிராம் ஐதரசன். எவ்வளவு வடிவாகப் பிரியும் கணக்கு! மின்சாரமே இல்லாத ஊரில், திரி விளக்கைச் சுற்றியிருந்து, பத்து அம்பியரை இரண்டே முக்கால் மணித்தியாலம் வரையில் தாராளமாக ஓடவிட்டோம். அப்போது ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. இப்போது நினைத்தால் வருகிறது.

அதற்கடுத்த கணக்கு சவர்க்காரம். 890 கிராம் கொழுப்புக்கு 120 கிராம் எரிசோடா. கைத்தொழில் இரசாயனத்தின் குறிப்பு இந்த வரிசையில்தான் போகும்: உப்பு, எரிசோடா, சவர்க்காரம், சுண்ணாம்புக்கல், களி, சீமெந்து. ஆனையிறவு, பரந்தன், காங்கேசன்துறை. வேறு பிள்ளைகளுக்கு இவை மனப்பாடம் செய்யவேண்டிய ஊர்ப்பெயர்கள். எங்களுக்கோ மாமா வேலை செய்த இடம், பள்ளிக்கூடச் சுற்றுலா போன இடம், ரயிலின் கடைசித் தரிப்பு. 1950இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் நின்றுபோனது. பரந்தன் அதற்கு முன்னரே, எண்பதுகளில், யுத்தத்தோடு முடங்கிவிட்டது. ஆனையிறவில் இராணுவ முகாம். குறிப்பில் மட்டும் எல்லாமே ஓடிக்கொண்டிருந்தன. அங்கே சூளை எரிந்தது, குளோரீன் குமிழியிட்டது, லொறிகள் மூட்டை ஏற்றின.

வீட்டிலோ சவர்க்காரம் சீவல் சீவலாகச் செலவாகியது. மில்க்வைற் சவர்க்காரக் கட்டியை அம்மா நூலால் அறுத்து, ஆளுக்கு ஒரு துண்டாகப் பிரித்துத் தந்த நாட்கள் உண்டு. அதுவும் தீர்ந்தால் பனம்பழம். பழத்தைப் பிசைந்து அந்தக் களியில் உடுப்பை ஊறப்போட்டுக் கும்முவது அம்மம்மாவின் சின்ன வயதுப் பழக்கமாம், அவவுக்கு அது கைவந்த வேலை. பள்ளிக்கூடத்து வெள்ளைச் சேட்டில் பனம்பழ வாசம் இரண்டு நாளைக்கு நிற்கும். பக்கத்தில் இருப்பவனிலும் அதே வாசம் என்பதால் யாரும் யாரையும் பகிடி பண்ணமுடியாது. பனம்பழம் ஏன் அழுக்கெடுக்கிறது என்று மாஸ்டரிடம் கேட்டோம். "அது பாடத்திட்டத்தில இல்லை" என்றார். அந்தப் பதிலில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் கோபம் இருக்கிறது. ஊரே கையில் பிடித்திருந்த இரசாயனம் அது.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பக்கமாக நகர்ந்தபோது, கொப்பிகளில் எதைக் கொண்டுபோவது என்று ஒரு பிரச்சினை. பௌதிகக் குறிப்பு கனதி குறைவு, அதை எடுத்தேன். இரசாயனக் கணக்குக் கொப்பிகள் மேசையிலேயே கிடந்தன. அந்த மழைக்குள் அதைப் பற்றி யோசித்ததாக நினைவில்லை. திரும்பிவந்தபோது மேசையும் இல்லை, கூரையும் இல்லை. மாஸ்டர் வன்னிக்குப் போய் அங்கிருந்து வெளிநாடு போனதாகக் கேள்வி.

2002இல் ஏ9 வீதி திறந்தபோது அந்தப் பாதையால் கொழும்புக்குப் போனேன். ஆனையிறவில் பஸ் மெதுவாக ஊர்ந்தது. இருபுறமும் கடல்நீரேரி வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. உப்பள வாய்க்கால்கள் எங்கே தொடங்கி எங்கே முடிந்தன என்று சொல்லமுடியாது. பரந்தனுக்குக் கிட்டப் போகையில் பக்கத்திலிருந்த ஐயாவிடம் கெமிக்கல் பக்டரி எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்பாவோ அங்க வேலை செய்தவர்?" என்றார். இல்லை, வீட்டுவேலைக் கணக்கில் படித்தது என்று சொல்ல வாய் வரவில்லை. ஓம் என்று தலையாட்டினேன். அவர் உடனே நெருங்கியிருந்து சங்குச் சத்தத்தையும், சம்பள நாளில் சந்திக் கடைகளில் நிற்கும் சனத்தையும், குளோரீன் கொஞ்சம் கசிந்தால் காற்றுப் போகிற பக்கமெல்லாம் இருமுகிறதையும் சொல்லிக்கொண்டே வந்தார். பரந்தன் என்ற பெயரோடு அந்தக் கம்பனி பிறகும் கொழும்பில் இருந்தது. வெளிநாட்டுக் குளோரீனை இறக்கித் தண்ணீர் சுத்திகரிப்புக்கு விற்றது.

இடம்பெயர்வதற்குச் சில மாதம் முந்தி ரியூட்டரியில் ஒரு முன்னோடிப் பரீட்சை வைத்தார்கள். எரிசோடா உற்பத்தியை விவரிக்கச் சொல்லி ஒரு கட்டுரை வினா. கிளிநொச்சிப் பக்கத்துப் பெடியன் ஒருவன் எங்களோடு படித்தான். சாமான் மூட்டையோடு வந்து உறவினர் வீட்டுத் தாழ்வாரத்தில் தங்கியிருந்தவன். மற்றெல்லாரும் பரந்தனில் உற்பத்தி செய்யப்படுகின்றது என்று எழுத, அவன் செய்யப்பட்டது என்று எழுதி, இயந்திரங்கள் நின்ற விபரத்தையும் இரண்டு வரியில் சேர்த்திருந்தான். விடைத்தாள் கொடுக்கும்போது மாஸ்டர் அவனைக் கூப்பிட்டார். முழுப் புள்ளியும் போட்டிருந்தார்.

"நீ எழுதினது சரி தம்பி. ஆனால் சோதினையில உப்பிடி எழுதிப்போடாதை. விடைத்திட்டத்தில அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கு."