ஓட்டில் கொத்து விழுந்த பிறகு

ஆரணிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், வீட்டை ஒட்டிப் போட்ட கொட்டகைக்குள் இயங்குகிறது அந்த வாத்துப் பொரிப்பகம். உள்ளே இரண்டு இன்குபேட்டர்கள், ஓர் இன்வெர்ட்டர், ஆணியில் தொங்கும் ஒரு நோட்டு. நடத்துகிறவர் ஒரு பெண். மாமனார் காலம்வரை வாத்துக் கூட்டத்தை ஊர் ஊராக ஓட்டிப் பிழைத்த குடும்பம். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அங்கே எல்லாருக்கும் அவர் அக்காதான்.

வடதமிழகத்தில் வாத்து வளர்ப்பு இன்னமும் பெரும்பாலும் மேய்ச்சல் தொழில். நெல் அறுத்த வயலில் சிதறிய மணியும் நத்தையும் பூச்சியும்தான் தீனி. கூட்டம் கட்டுகிறவருக்கு ஒரே வயதுக் குஞ்சுகள் மொத்தமாக வேண்டும். முட்டைக்காக வளர்க்கும் வாத்துகளோ அடையில் உட்காருவது அபூர்வம். முன்பெல்லாம் அடைக்கோழியின் அடியில் பத்துப் பன்னிரண்டு வாத்து முட்டைகளை வைத்துப் பொரிக்க வைத்தார்கள். அந்த வேலையை இப்போது இயந்திரம் பார்க்கிறது.

கோழி முட்டைக்கு 21 நாள் என்றால் வாத்து முட்டைக்கு 28. காற்றாடி சுழலும் இன்குபேட்டரில் சூடு 37.5 டிகிரி. 25ஆம் நாளோடு முட்டையைத் திருப்புவதை நிறுத்தி, அதுவரை 55 சதவீதத்தை ஒட்டி இருந்த ஈரப்பதத்தை 70க்கு மேலே ஏற்றுகிறார்கள். அதற்குப் பிறகு தேவையில்லாமல் கதவைத் திறப்பதில்லை. புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் தடுமாறுவது இந்தக் கடைசி மூன்று நாளில்தான்.

முட்டைக்குள் நடப்பது இரண்டு கட்டம். அகன்ற பக்கத்தில் இருக்கும் காற்றறைக்குள் குஞ்சு முதலில் மூக்கை நுழைக்கிறது. நுரையீரல் வேலையைத் தொடங்கும் நேரம் அது. டார்ச் வெளிச்சத்தில் மூக்கின் நிழல் அசைவது தெரியும். காதருகே வைத்தால் மெல்லிய கீச்சொலியும் கேட்கும். ஏறக்குறைய ஒரு நாள் கழித்து வெளி ஓட்டில் சின்ன விரிசல் விழுகிறது. அதைத்தான் அக்கா 'கொத்து' என்கிறார்.

கொத்து விழுந்ததும் குஞ்சு அசைவற்றுக் கிடக்கும். 24 மணி நேரம், சில சமயம் 48 மணி நேரம்கூட ஆகும். பார்க்கிறவருக்கு அது சிக்கிக்கொண்டதாகத்தான் தோன்றும். உண்மையில் அப்போதுதான் பெரிய வேலை நடக்கிறது. ஓட்டை ஒட்டிய சவ்வில் ஓடிய ரத்தம் உடலுக்குள் திரும்புகிறது. மிச்சமிருக்கும் மஞ்சள் கரு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. பொரிந்த குஞ்சு முதல் ஓரிரு நாள் தீனி இல்லாமல் தாங்குவது அந்தக் கருவை வைத்துத்தான். இது முடிவதற்குள் ஓட்டைப் பிரித்தால் குஞ்சு ரத்தம் கொட்டிச் சாகும். பிழைத்தாலும் தொப்புளில் சீழ் பிடிக்கும்.

நான் பார்த்த தட்டில் ஒரு முட்டையில் முந்தைய நாள் மதியம் விழுந்த கொத்து அப்படியே இருந்தது.

"இதை உடைச்சு விட்டுடலாமாக்கா?"

பதில் சொல்லாமல் அக்கா முட்டையைக் கையில் எடுத்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சுக்குச்சியால் கொத்தைச் சுற்றிச் சவ்வை நனைத்தார். நனைந்த வெள்ளைச் சவ்வில் சிவப்புக் கோடுகள் கிளை கிளையாகத் தெரிந்தன. உள்ளே குஞ்சு வாயை மென்றுகொண்டிருந்தது.

"நரம்புல ரத்தம் ஓடுது பாருங்க தம்பி. இப்பப் பிரிச்சா நாமளே கொன்ன மாதிரி. வாயை மெல்லுதுன்னா இன்னும் உள்ள இழுத்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்." முட்டை தட்டுக்குத் திரும்பியது, கதவு சாத்தப்பட்டது.

பக்கத்து முட்டையின் கதை வேறு. கொத்து விழுந்து ஒன்றரை நாளுக்கு மேல் ஆகியிருந்தது. சவ்வு காய்ந்த வெங்காயத் தோலாகப் பழுப்பேறிக் குஞ்சின் மேல் ஒட்டிக் கிடந்தது. நனைத்துப் பார்த்தும் எங்கேயும் சிவப்பு இல்லை. வாய் மெல்லுவதும் நின்றிருந்தது. அக்கா விரல் நகத்தால் ஓட்டைச் சில்லுச் சில்லாக எடுத்து, அகன்ற முனையைச் சுற்றி ஒரு வளையம் போட்டார். மூக்குத் துவாரத்தில் தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொண்டு சவ்வை விலக்கினார். தலை வெளியே வந்ததோடு கையை எடுத்துவிட்டார். கீழ்ப்பாதி ஓட்டுக்குள் குஞ்சை அப்படியே விட்டு இயந்திரத்தில் வைத்தார். மிச்சத்தை அது தானே உதைத்துத் தள்ள வேண்டும். தொப்புள் முழுதாக மூட அந்த நேரம் தேவை.

நடுவில் ஒரு துளி ரத்தம் கண்டாலும் அங்கேயே நிறுத்திப் பஞ்சால் அழுத்திவிட்டுச் சில மணி நேரம் காத்திருப்பது அவர் வழக்கம். குறுகிய முனையில் கொத்து விழுந்த முட்டைகளை மட்டும் பென்சிலால் குறித்து அடிக்கடி பார்க்கிறார். தலை தவறான பக்கம் திரும்பியதால் அந்தக் குஞ்சுக்குக் காற்றறை எட்டாது. உதவி தேவைப்படும் வாய்ப்பு அதிகம். அதற்கும் சோதனை அதே ரத்தக் கோடுதான்.

கை வைக்க நேரும் குஞ்சுகள் பெரும்பாலும் முன்பே நடந்த பிசகின் விளைவு என்பதில் அக்கா தெளிவாக இருக்கிறார். கடைசி நாட்களில் ஈரம் குறைந்தால் சவ்வு இறுகும். ஆரம்பத்திலிருந்தே ஈரம் கூடினால் முட்டையில் நீர் வற்றாது, காற்றறை சிறுத்துப்போகும், குஞ்சு பிசுபிசுத்து ஓட்டுக்குள்ளேயே மூச்சு முட்டும். அதனால்தான் அவர் முட்டைகளை எடை போடுகிறார். 70 கிராம் முட்டை 25ஆம் நாளில் 61 கிராமை ஒட்டி இறங்கியிருக்க வேண்டும். ஆணியில் தொங்கும் நோட்டில் ஒவ்வொரு ஈட்டுக்கும் எடை, ஈரம், கரண்ட் போன நேரம் மூன்றும் இருக்கின்றன. இந்த ஈட்டின் பக்கத்தில் 26ஆம் நாளுக்கு எதிரே 'கதவு திறந்தது' என்ற குறிப்பும் இருந்தது.

மறுநாள் காலை கூட்டம் கட்டுகிறவர் கூடைகளோடு வந்தார். எண்ணிக்கை குறைந்ததும் சத்தம் போட்டார். கை வைத்துப் பொரித்த குஞ்சுகளின் காலில் அக்கா மை தடவித் தனிப்பெட்டியில் விளக்கடியில் வைத்திருந்தார். "தொப்புள் காயல. ரெண்டு நாள் கழிச்சு வாங்கண்ணே, தர்றேன்." இயந்திரத்தில் பொரித்த குஞ்சுக்குத் தாயிடமிருந்து இறகில் ஒட்டும் எண்ணெய் கிடைப்பதில்லை, தண்ணீரில் இறங்கினால் ஊறி விறைத்துவிடும். தொப்புளும் ஈரமாக இருந்தால் பிழைப்பது கஷ்டம். அவருக்கும் அது தெரியும். மிச்சக் குஞ்சுகளுக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, வியாழக்கிழமை வருவதாகச் சொல்லிப் போனார்.