கர்ணன் வேஷத்துக்கு ஒரு கேமரா

2025 மார்ச் 2, ஞாயிறு

சித்திரையில் செய்யாறு பக்கம் எங்கள் ஊர் திரௌபதியம்மன் கோயில் கூத்து. அப்பாதான் கர்ணன். இந்த வருஷத்தோடு வேஷம் கட்டுவதை நிறுத்திக்கொள்ளப் போகிறாராம். அவர் ஆடும் கர்ண மோட்சக் கூத்தை விடியவிடிய முழுசாக எடுத்து வைத்துவிட வேண்டும்.

போன வருஷம் போனில் எடுத்ததை மகள் டிவியில் போட்டாள். கிரீடத்துக் கண்ணாடித் துண்டுகள் வெள்ளையாய்ப் பூத்துவிட்டன. முகம் கறுத்து, எறும்பு மொய்த்தாற்போல் புள்ளிகள். வசனம் கேட்கிறது, கண் தெரியவில்லை.

மார்ச் 5, புதன்

ராத்திரி ஹாலில் ஜீரோ வாட் பல்பை மட்டும் விட்டு, போனை ஐந்து மடங்கு ஜூமில் வைத்துக் காலண்டரைப் பார்த்தேன். பின்னால் ஜூம் லென்ஸை விரலால் மூடினால் படம் மறைய வேண்டும். மறையவே இல்லை. வெளிச்சம் குறைந்ததும் போன் அந்தச் சின்ன லென்ஸை விட்டுவிட்டு, மெயின் லென்ஸ் படத்தையே வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுகிறது. கிட்டப்போய் எடுக்க முடிந்தால் போன் போதும். கூட்டத்துக்குப் பின்னால் ஸ்டாண்டு போட்டு நிற்பவனுக்கு அது உதவாது.

மார்ச் 8, சனி

கேமரா கடைக்காரர் முதலில் நீட்டியது, எவ்வளவு குறைந்த வெளிச்சத்தில் படம் எடுக்கும் என்று சொல்லும் லக்ஸ் கணக்கு. எத்தனை லக்ஸ் குறைவோ அத்தனை நல்லது என்றார். ஷட்டரை மெதுவாக்கினால் அந்த எண்ணை யாராலும் குறைத்துவிட முடியும். அப்படி எடுத்தால் அப்பா சுழன்று ஆடும்போது கையும் காலும் இழுபட்டுப் போகும். நைட்ஷாட் இருக்கிறது என்றார் அடுத்து. அகச்சிவப்பு ஒளியில் அரிதாரத்தின் நிறம் வராது. நாலைந்து மீட்டர் தாண்டினால் ஒளியும் எட்டாது. கூத்துக்கு அது வேண்டாம்.

மார்ச் 12, புதன்

மிஞ்சியது இரண்டு. சோனி ஏஎக்ஸ்53, ஏஎக்ஸ்700. முதலாவதில் ஜூம் 20 மடங்கு, லென்ஸ் எஃப் 2.0. இரண்டாவதில் 12 மடங்குதான், எஃப் 2.8. எஃப் எண் குறையக் குறைய ஒளி கூடும்; லென்ஸை மட்டும் பார்த்தால் முதலாவதில் ஒளி இரண்டு மடங்கு நுழைகிறது. ஆனால் ஜூமை முழுக்க இழுத்தால் அதே லென்ஸ் எஃப் 3.8 ஆகிவிடுகிறது, ஒளி கால்வாசிக்கு மேல் கொஞ்சம்தான் மிச்சம். ஏஎக்ஸ்700 அந்தக் கோடியில் எஃப் 4.5. வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. அதன் ஒரு இஞ்ச் சென்சாரோ 13.2 மில்லிமீட்டருக்கு 8.8, மற்றதைவிடப் பரப்பில் நாலு மடங்குக்கு மேல். இருட்டில் ஏஎக்ஸ்700தான் ஜெயிக்கும்.

அதில் கார்டு ஸ்லாட்டும் இரண்டு. ஒன்று நிரம்பினால் அடுத்ததுக்குத் தானே மாறும். 60 எம்பிபிஎஸ் 4கேயில் 128 ஜிபி கார்டு இரண்டு போட்டால் ஒன்பது மணி நேரம் தாங்கும். ஒரு ராத்திரிக் கூத்துக்குத் தாராளம்.

மார்ச் 22, சனி

புதுசு கட்டுப்படியாகாது. செகண்ட் ஹேண்டில் ஏஎக்ஸ்700 ஒன்று அமைந்தது. விற்றவர் வீட்டு மாடிப்படிக்கு அடியில், விளக்கில்லாத மூலையில் மனைவியை நிற்க வைத்து, ஜூமை முழுக்க இழுத்து எடுத்தேன். அங்கேயே டிவியில் போட்டுப் பார்த்தோம். புடவையின் அரக்குக் கரை அரக்காகவே தெரிந்தது. அதன்பிறகுதான் விலை பேசினேன். ஷட்டரை 1/50இல் பூட்டிவிட்டேன்; நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், 1/60 வைத்தால் டியூப் லைட்டில் பட்டை ஓடும்.

மே 4, ஞாயிறு

கர்ண மோட்சம் நேற்று ராத்திரி. வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் கெயினை 18 டெசிபலுக்கு மேல் ஏற விடவில்லை. ஆறு டெசிபலுக்கு ஒருமுறை படம் இரட்டிப்பாய் வெளுக்கும், கூடவே புள்ளிகளும் பெருகும். ஓரங்கள் இருட்டாகவே கிடக்கட்டும், முகம் சுத்தமாக வந்தால் போதும்.

மத்தியானம் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். கர்ணன் தன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் இடத்தில் அப்பாவின் கீழிமை துடிக்கிறது. வேர்வை அரிதாரத்தைக் கரைத்துக் கோடாக இறங்குகிறது. அப்பா நகர்ந்து டிவிக்குக் கிட்டே போய், “இத்தனை வருஷம் ஆடியிருக்கேன், என் கர்ணன நானே இப்பத்தான்யா பாக்கறேன்” என்றார்.

ராத்திரி நிகழ்ச்சிக்குக் கேமரா வாங்குகிறவர்கள் லக்ஸ் எண்ணை விட்டுவிடுங்கள். சென்சார் அளவையும், ஜூமை இழுத்த பிறகு எஃப் எண் எவ்வளவு என்பதையும் கேளுங்கள். இருட்டு மூலையில் எடுத்து, டிவியில் பார்க்காமல் பணத்தை எண்ணாதீர்கள்.