அணைந்துபோன வண்டியும் இரண்டு ஸ்போக்ஸ் கம்பிகளும்

போன மாதம் எங்கள் வண்டி வழியில் நின்றுபோனது. பழைய வண்டி, நிற்கத்தான் செய்யும். ஆனால் அது நின்ற இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நாங்கள் மாலை வகுப்பு எடுக்கும் காலனிக்கு ஊர்த்தெருவைத் தாண்டித்தான் போக வேண்டும். வேறு பாதை கிடையாது. கோயில் திருப்பத்திலிருந்து ரேஷன் கடை வரை, திண்ணையில் இருப்பவர்கள் பார்க்கப் பார்க்க, மெதுவாகப் போவோம். முறுக்கிக்கொண்டு போனால் திமிர் என்று பேர். 2025 பிப்ரவரியில், சிவகங்கை மாவட்டத்தில் புல்லட் ஓட்டிய தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள் என்ற செய்தி வந்தபோது, காலனிப் பெரியவர்கள் எங்களிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: "அந்தத் தெருவுல மட்டும் மெல்லப் போங்க தம்பி."

வண்டி ராஜ்தூத் 350. எண்பதுகளில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவிடம் உரிமம் வாங்கித் தயாரித்தது. டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் வாங்கியது. அந்தக் காலனிக்குள் வந்த முதல் மோட்டார் சைக்கிள். வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று எங்களிடம் கொடுத்துவிட்டார். மைலேஜ் மட்டும் கேட்காதீர்கள்.

மெதுவாகப் போகும்போதுதான் அதற்கு நோய். முறுக்கினால் பறக்கும். ஆக்சிலேட்டரைத் தணித்தால் தடதடவென்று உதறி அணைந்துவிடும். அன்று ரேஷன் கடை முன்னால் அணைந்தது. உதைத்து உதைத்துப் பார்த்தோம். திண்ணையில் சிரிப்பு. "தள்ளிக்கிட்டே போங்கடா, உங்க தாத்தனுங்க அப்படித்தான் போனானுங்க." பொய்யில்லை, சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போன தெருதான் அது. நாங்களும் தள்ளிக்கொண்டு போனோம். அன்று வகுப்பு ஓடவில்லை.

டவுனில் ஒரு மெக்கானிக், இரண்டு கார்புரேட்டரும் ஒன்றாகத் திறக்கவில்லை என்று சரியாகவே சொன்னார். "உங்களுக்கெல்லாம் எதுக்கு இந்த வண்டி?" என்றும் சேர்த்துச் சொன்னார். அந்த 'உங்களுக்கெல்லாம்' யார் என்று புரிந்துகொள்ள எம்.ஏ. சமூகவியல் தேவையில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டோம்.

வழி சொன்னது, ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கும் எங்கள் வகுப்புத் தங்கை. நாலு சிலிண்டர் வண்டிகளில் காற்று இழுப்பை அளக்கத் துளை இருக்கும். ட்யூபில் ஆயில் ஊற்றிப் பலகையில் கட்டி இரண்டு பக்க மட்டத்தையும் பார்த்துவிடலாம். எங்கள் வண்டியில் அந்தத் துளை இல்லை. கார்புரேட்டருக்குள் மேலும் கீழும் போகும் ஸ்லைடு எப்போது தூக்குகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

அதற்கு ஒரே சக்கரத்தின் இரண்டு ஸ்போக்ஸ் கம்பிகள் போதும். மரை இருக்கும் முனையை வெட்டி, இரண்டையும் ஒரே நீளமாக்கி, ஸ்லைடைக் கீறாதபடி அரத்தால் மழுக்கினோம். மறுமுனையின் வளைந்த கொண்டையை அப்படியே விட்டோம். கம்பி உள்ளே நழுவாது, அதுவே முள்ளாகவும் இருக்கும். என்ஜினை நிறுத்தி, காற்று ரப்பர்களைக் கழற்றி, ஆக்சிலேட்டரைத் திறந்து ஒவ்வொரு ஸ்லைடுக்கு அடியிலும் ஒரு கம்பியை வைத்து விட்டோம். ஸ்ப்ரிங் அழுத்த, இரண்டு வாலும் விறைத்து நின்றன. பிறகு மயிரிழை மயிரிழையாக முறுக்கினோம். இடது வால் பொத்தென்று விழுந்தது. வலதுக்கு இன்னும் கால் திருப்பு தேவைப்பட்டது. இத்தனை நாளும் ஒரு சிலிண்டர்தான் வண்டியை இழுத்திருக்கிறது!

முந்தி விழும் பக்கத்துக் கேபிளைத் தளர்த்த வேண்டும். அரை மரை, மறுபடி சோதனை, மறுபடி அரை மரை. இருட்டும்வரை ஆனது. செல்போன் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாக விழுந்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். ஐடிலிங் திருகுகளையும் அதே கம்பியை வைத்துச் சமப்படுத்தி லாக் நட்டை இறுக்கினோம். யாராவது செய்து பார்ப்பதாக இருந்தால் ஒன்று: ஆயில் பம்புக்குப் போவதும் அதே கேபிளின் கிளைதான், அதன் குறியையும் சரிபாருங்கள். ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கம்பிகளை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள்.

மறுநாள் ஊர்த்தெருவை முதல் கியரில் கடந்தோம். அணையவில்லை. திண்ணையில் பார்த்தார்கள், பேச்சில்லை.

வகுப்பில் அந்தத் தங்கை கேட்டாள்: "அவங்க சொல்ற மாதிரி மெதுவாப் போறதுக்குத்தானா அண்ணா இவ்வளவு நேரம் வேலை பார்த்தோம்?" தெருவில் அணைந்து நிற்காமல் இருப்பதற்கு என்று எங்களில் ஒருவர் சொன்னார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைய பாடத்தை ஒதுக்கிவிட்டு அதைத்தான் பேசினோம், இன்னும் முடியவில்லை.

வலதுபக்கக் காற்று ரப்பர் வெடித்திருக்கிறது. பழைய கடைகளில் பார்த்தால் எங்களுக்குச் சொல்லுங்கள்.