வலியதுறைக் கரையிலே

சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று, இருப்புப்பாதை அலுவலகக் கணக்கேடுகளை மறந்து, நாம் குடும்பத்துடன் திருவனந்தபுரம் வலியதுறைக்குச் சென்றோம். 1956-இல் எழுந்து, 2021-இல் கடற்சீற்றத்தால் சாய்ந்து, 2024-இல் இரண்டாகப் பிளந்த கடற்பாலத்தைக் காணவே சென்றோம். ஆயினும் நம் கருத்தைக் கவர்ந்தது, எஞ்சிய மணற்றிட்டில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு படகேயாம்.

அலையை வென்று கரை சேரும் படகு, பின்னர் மணலின் மீது இழுபட வேண்டும். திண்ணிய கட்டைகளாலான கட்டுமரம் அதனைத் தாங்கும். 1980-களில் குமரி மாவட்டத்து முட்டத்திலிருந்து பரவிய ஒட்டுப்பலகைப் படகோ மெல்லியது. பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து, இணைப்புகளைக் கண்ணாடி இழையாலும் பிசினாலும் மூடிச் செய்வது. மணல் அரம்போல் அம்மேற்பூச்சைத் தேய்த்துவிட்டால், நீர் புகுந்து பலகை உளுத்துவிடும்.

அதற்குத் தம் கையாலேயே கவசம் அமைத்துக்கொண்டிருந்தார், குமரிக் கடற்புறத்து முதியவர் ஒருவர். தேய்ந்த இடத்தைச் சுரண்டி, நன்னீரால் கழுவி, நன்கு உலர்த்தி, இழைத்துணியைப் பிசினில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டவேண்டுமாம். அதன்மேல் நீளவாக்கில் ஒரு கெட்டி மரச்சட்டம்.

“சட்டம் தேயட்டும் மக்களே, படகு தேயக்கூடாது. சட்டத்தை மாற்றிக்கொள்ளலாம்” என்றார்.

பின்னர்க் கரையோரத்துக் கருங்கற் குவியலைச் சுட்டினார். “மணலைக் கடல் கொண்டுபோகிறது. கல்லின்மேல் இழுத்தால் எந்தச் சட்டம் தாங்கும்?”

நம்மிடம் விடை இல்லை. அன்பர்களே, மணல் உள்ளபோதே பிள்ளைகளை ஒருமுறை அங்கே அழைத்துச் செல்லுங்கள்.