முட்டைக்குள்ள ஆறாவது நாள்

லேப்ல ஒரு சர்க்யூட் புரியலைன்னா என்ன பண்ணுவோம்? ஒரு ஒயரைக் கழட்டிட்டு எது நின்னு போகுதுன்னு பார்ப்போம். இதே வேலையைக் கோழி முட்டைக்குள்ள செய்யறவங்க இருக்காங்க. "சேவலா, பெட்டையா?" இதை முடிவு பண்றது எதுன்னு கண்டுபிடிக்கத்தான்.

முதல்ல அடிப்படை. பறவைகளில் ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம். பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. கோழி முட்டை பொரிய 21 நாள் ஆகும். முதல் அஞ்சு நாள் வரைக்கும் எந்தக் கருவைப் பார்த்தாலும் இனச்சுரப்பி ஒரே மாதிரிதான் இருக்கும். ஆறாவது நாள் வாக்கில்தான் பாதை பிரியும். ஆணில் விந்தகம், பெண்ணில் அண்டகம். அதிலும் பெட்டைக்கு இடது அண்டகம் மட்டும்தான் முழுசா வளரும்.

ஆராய்ச்சிக்கு முட்டை ரொம்ப வசதி. ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டி, வேலையை முடிச்சு, டேப் ஒட்டி, திரும்ப இன்குபேட்டரில் வெச்சிடலாம். கரு பாட்டுக்கு வளரும்.

இப்போ கழட்டின ஒயர்களுக்கு வருவோம். 1992இல் வந்த ஓர் ஆய்வில், ஈஸ்ட்ரோஜனை உண்டாக்கும் அரோமடேஸ் என்ற நொதியை மருந்து கொடுத்துத் தடுத்தாங்க. மரபுப்படி பெண்ணான கருக்களில் விந்தகம் வளர்ந்தது. 2009இல் மெல்போர்ன் குழு ஒன்று இசட் குரோமோசோமில் இருக்கும் டி.எம்.ஆர்.டி.1 மரபணுவின் அளவைக் குறைச்சது. ஆண் கருவின் இனச்சுரப்பி அண்டகம் பக்கம் சாய்ஞ்சது. ஆக, இரண்டு இசட் தரும் இரட்டை டோஸ்தான் விந்தகத்துக்கான சிக்னல்.

சரி, ஸ்விட்ச் கிடைச்சாச்சுன்னு நினைக்கிறீங்களா? டாலி ஆடு பிறந்த ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் நிறுவனம், 2010இல் ஒரு பக்கம் சேவல், மறுபக்கம் பெட்டையாக இருந்த கோழிகளைப் பற்றி எழுதியது. இரண்டு பக்கமும் ஓடுவது ஒரே ரத்தம், ஒரே ஹார்மோன். ஆனாலும் உருவம் வேற. சேவல் பக்கத்தில் ஆண் செல்கள் அதிகம், பெட்டை பக்கத்தில் பெண் செல்கள் அதிகம். அதாவது, ஒவ்வொரு செல்லுக்கும் தன் பால் என்னன்னு தானாகவே தெரியும். ஒரே மாஸ்டர் ஸ்விட்ச் இல்லாத டிசைன் இது. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடிச்ச இடமும் இதுதான்.

இதெல்லாம் நமக்கெதுக்குன்னு கேட்கலாம். முட்டைக்காக வளர்க்கும் ரகத்தில் சேவல் குஞ்சு முட்டையும் போடாது, கறிக்கும் தேறாது. அதனால பல நாடுகளில் பொரிஞ்ச அன்னைக்கே கொன்னுடறாங்க. ஜெர்மனி இதை 2022 ஜனவரி 1 முதல் தடை செய்தது. அதுக்கு மாற்றா வந்த ஒரு முறையில், ஒன்பதாம் நாள் லேசரால் ஊசிமுனை அளவு துளை போட்டு, ஒரு சொட்டுத் திரவத்தில் பெண் ஹார்மோன் இருக்கான்னு பார்க்கிறாங்க. ஆண் முட்டையை அங்கேயே எடுத்துடுவாங்க. ஆறாவது நாள் பிரியுற அந்தப் பாதைதான் இந்த டெஸ்ட்டுக்கே அஸ்திவாரம்.

ஆனா ஒன்பது நாள் கருன்னா அது ஏற்கெனவே பாதி வழி வந்த உயிர். இன்னும் சீக்கிரமா, ஓட்டைத் துளைக்காம, மணிக்கு ஆயிரக்கணக்கான முட்டைகளைச் சோதிக்க முடியுமா? ஒளியியல், சென்சார், இமேஜ் பிராசஸிங் எல்லாம் சேர்ந்த கேள்வி இது. ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடிட்டிருந்தீங்கன்னா, ஒரு முட்டையை டார்ச் வெளிச்சத்தில் பிடிச்சுப் பாருங்க.